உப்பளத்தில் நட்ட பைன் மரங்கள்

அம்மா,

நம் உப்பளத்தில் பைன் மரம் நட்டுவிட்டார்கள். வரிசையாக, உச்சியிலிருந்து அடிவரை வெள்ளை பூசி, கிளைக்குக் கிளை சின்னச் சின்ன விளக்கு வேறு. நீர்க்காக்காய்களுக்குக் கம்பளித் தொப்பி மாட்டியிருக்கிறார்கள். பார்த்ததும் கையிலிருந்த ரிமோட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. தம்பி ஆசையாக அனுப்பியது என்பதால் எறியவில்லை.

அவன் அங்கே, குளிர் நாட்டில், வேலைக்குப் போய்ச் சேர்ந்தது உனக்குத் தெரியாது. நீ போன அடுத்த வருஷம் கிளம்பினான். போன வாரம் ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். "நம்ம கேம் திரும்ப வந்திருக்குதுக்கா. புதுசா பண்ணிட்டானுங்க, சூப்பரா இருக்குதாம்" என்று போனில் ஒரே குதிப்பு. நானும் திண்டிவனத்து மருந்துக் கடையில் பில் போட்டு முடித்து, பஸ்ஸில் நின்றபடியே மரக்காணம் வந்து சேர்ந்து, முகம் கழுவி டிவி முன்னால் உட்கார்ந்தேன். பீரோவைத் திறந்து உன் பழைய ரிமோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒயர் பச்சையாகப் பூத்துப்போயிருக்கிறது. முகர்ந்தால் துருவும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. அதை எதிலும் சொருக முடியாது என்று எனக்குத் தெரியும். சும்மா இருக்கட்டும் என்றுதான் வைத்தேன்.

முதல் கட்டம் வரை எனக்கும் வாயெல்லாம் பல்தான். நீல பூட்ஸ் குள்ளன் வந்தான். முன்பு ஏழெட்டுச் சதுரங்களால் ஆன முகம், இப்போது மூக்கும் முழியுமாக, கன்னத்தில் குழி விழச் சிரிக்கிறான். சரி, பரவாயில்லை. மஞ்சள் பூட்ஸ் குள்ளன் எங்கே என்று தேடினேன். அவன்தானே நீ? அவனைக் காணோம். இரண்டு பேர் ஆட வேண்டுமென்றால் இன்னொரு வீட்டில், இன்னொரு டிவி முன்னால், இன்னொருவர் உட்கார வேண்டுமாம். ஒரே பாயில் முட்டி உரச உட்கார்ந்து ஆடுவது பழைய வழக்கமாகிவிட்டதாம். அங்கேயே எனக்குப் பாதி எரிந்துவிட்டது.

அந்த டிவி கேமை நீ வாங்கிய நாளை நினைத்துக்கொண்டேன். பாண்டி சண்டே மார்க்கெட்டில் எனக்குப் பாவாடை எடுக்கத்தான் போனோம். கடைக்காரர் ஒரு சின்ன டிவியில் குள்ளர்களை ஓடவிட்டிருந்தார். நீ நின்றாய். "நான் ஒரு வாட்டி பாக்கறேன், குடுப்பா" என்று ரிமோட்டை வாங்கினாய். கூட்டம் சேர்ந்து சிரித்தது, நீ அசையவில்லை. பாவாடை வரவில்லை, பெட்டி வந்தது. பஸ்ஸில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தபோது சொன்னாய்: "மழ மாசத்துல அளமும் கெடையாது, வேலையும் கெடையாது. மூஞ்சிய மூஞ்சிய பாத்துனு இருக்கறதுக்கு இது இருக்கட்டும்டி."

ஆனால் மழை மாசம் வரை யார் காத்திருந்தார்கள்? விடியுமுன் உப்பு வாரப் போகிறவள் வெயில் ஏறியதும் திரும்பிவிடுவாய். கால் கழுவி, கஞ்சி குடித்து, "போடுடி அத" என்பாய். அப்பா உப்பு லாரியில் லோடு ஏற்றப் போயிருப்பார். தம்பிக்கு அப்போது ரிமோட் பிடிக்கிற வயசு இல்லை, உன் மடியில் கிடந்து பார்ப்பான். உனக்கு எப்போதும் இரண்டாவது ரிமோட்தான். அதில் நிறுத்துகிற பட்டன் கிடையாது. கோடை மழை இருட்டிக்கொண்டு வந்தால் ரிமோட்டைப் பாயில் போட்டுவிட்டுப் புடவையை இழுத்துச் செருகி, உப்புக் குவியலை ஓலை போட்டு மூட ஓடுவாய். தெருவே ஓடும். சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்து வாசலில் நின்று கேட்கிற முதல் கேள்வி, "நான் செத்துட்டனா?" என்பதுதான். நான் நிறுத்தி வைத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் கேட்பாய்.

அந்த வெள்ளைக் கட்டம் முதன்முதலாக வந்த மத்தியானம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அதற்கு முன் காடு, குகை என்று போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று திரை முழுக்க வெள்ளை. தரையில் கட்டம் கட்டமாகக் கோடு. ஓரத்தில் நீல வாய்க்கால். தூரத்தில் கூம்பு கூம்பாக வெள்ளைக் குவியல். நீ மடியில் இருந்த தம்பியை இறக்கிவிட்டு முன்னால் நகர்ந்தாய்.

"ஏய், இது அளம்டி! நம்ம அளத்த எப்பிடிடி புடிச்சான்?"

நான் ஓடினேன், வழுக்கினேன், வாய்க்காலில் விழுந்து செத்தேன். "உப்பு மேல ஓடுனா வழுக்காம என்ன பண்ணும்? மெல்ல நடக்கச் சொல்லு அவன" என்றாய். பிறகு குள்ளனின் காலைப் பார்த்தாய். "பூட்ஸோட பாத்தில எறங்கறான் பாரு. மேஸ்திரி பாத்தார்னா தொரத்தி அடிப்பாரு." எதிரே தத்தித் தத்தி வந்த கறுப்பு வெள்ளைப் பறவைகளைக் கழுவேலி ஏரிப் பக்கத்திலிருந்து வந்த நீர்க்காக்காய் என்று நீதான் சொன்னாய். யாரும் மறுக்கவில்லை. நம் தெருவில் யாரும் உறைபனியைக் கண்டதில்லை. பாத்தியும் வாய்க்காலும் குவியலும் நமக்குத் தெரியும், திரையில் அவை இருந்தன. அப்புறம் என்ன சந்தேகம்? தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது அளம் ஸ்டேஜ்தான்.

அந்தக் கட்டத்தில் மட்டும் நீ இடது கையால் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையை நெற்றிமேல் வைத்துக்கொள்வாய். அளத்தில் வெயில் வெள்ளையிலிருந்து கிளம்பிக் கண்ணைக் குத்தும்போது வைப்பாயே, அதே மாதிரி. "இங்கயும் கண்ணு கூசுது பாரேன்" என்று சிரிப்பாய். ஒரு கையால் ஆடினால் செத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். உன் உயிர்கள் தீர்ந்ததும் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்துவாய். என் கணக்கிலிருந்து ஓர் உயிர் உன் பக்கம் தாவிவிடும். கேட்க மாட்டாய், சொல்ல மாட்டாய். நான் முணுமுணுத்தால், "பத்து மாசம் சொமந்து பெத்தவளுக்கு ஒரு உசுரு குடுக்க மாட்டியா?" என்று ஒரே போடு.

இப்போது சொல், எனக்குக் கோபம் வருமா வராதா? புதிய விளையாட்டில் அந்தக் கட்டம் வந்தது. மேலிருந்து பூப்பூவாகப் பனி கொட்டுகிறது. கோடுகளைக் காணோம், எல்லாம் மூடிப்போய் மெத்தை போல மேடும் பள்ளமுமாக இருக்கிறது. குவியல்கள் இருந்த இடத்தில் மலைகள். குள்ளன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெடவெடவென்று நடுங்குகிறான், வாயிலிருந்து புகை வருகிறது. உப்பளத்தில் நடுங்குகிறான், அம்மா! மே மாசத்தில் ஒரு நாள் அவனைப் பாத்தியில் நிறுத்த வேண்டும், புகை எங்கிருந்து வருகிறது என்று காட்டுகிறேன்.

உடனே தம்பிக்குப் போன் போட்டேன். அவன் சிரித்தான்.

"அக்கா, அது பனிக்கா. அப்பவே பனிதான். நமக்குத்தான் தெரியல."

"யார்ரா சொன்னது? அம்மா அளம்னு சொன்னாங்க இல்ல?"

"அம்மா தப்பா சொன்னாங்கக்கா. அவங்க பாவம், எங்க பாத்தாங்க பனிய? இரு, காட்றேன்." போனைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே காட்டினான். வெள்ளைத் தெரு, வெள்ளைக் கார், வெள்ளை மரம். "பாத்தியா? இதான் அது."

அம்மா தப்பாகச் சொன்னார்கள். எனக்குப் பற்றி எரிய இந்த ஒரு வாக்கியம் போதும். உன் மடியில் கிடந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தவன் சொல்கிறான். "அந்த ஊருக்குப் போன ஒடனே பெரிய மனுஷன் ஆயிட்டியா? வெய்யிடா போன" என்று கத்திவிட்டு வைத்தேன். அப்புறம் நாலைந்து நாள் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பஸ்ஸில் பெருமுக்கல் மலை தாண்டும்போதெல்லாம் அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை மனசுக்குள் உருட்டிக்கொண்டே வந்தேன்.

பழையதைப் புதுப்பிக்கவே கூடாது என்று சொல்கிறவள் இல்லை நான். இந்த ஊர்க் காற்றில் எதுதான் தங்குகிறது? நம் கேம் கேசட்டில் படம் வரவில்லையென்று ஊதி ஊதிச் சொருகினோம், உப்புக் காற்றோடு நம் எச்சிலும் சேர்ந்து ஒரே வருஷத்தில் துரு தின்றுவிட்டது. அந்த விளையாட்டுகள் திரும்ப வர வேண்டும் என்று என்னை விட அதிகமாக ஆசைப்பட்டவர் யார்? ஆனால் வருவதற்கு ஒரு முறை இல்லையா? அந்தக் காதைக் குடையும் பாட்டை மாற்றியிருக்கலாம். கடைசிக் கட்டத்தில் மனுஷனால் முடியாத அந்தத் தாண்டலைக் கொஞ்சம் கிட்டே வைத்திருக்கலாம். உன் ரிமோட்டுக்கு ஒரு நிறுத்துகிற பட்டன் வைத்திருக்கலாம். நீ ரசித்து ஆடிய அந்த மீன்பிடி விளையாட்டு, வலையை விரித்துக்கொண்டு படகு போகுமே, அதன் பெயர் கூட இன்று யாருக்கும் தெரியவில்லை. அதைத் தேடி எடுத்துத் தந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, நன்றாக இருந்த இடத்தில் மரம் நடுகிறார்கள்.

பழைய படத்தில் அவர்கள் வெள்ளைச் சதுரம் மட்டும்தான் வைத்தார்கள். பனி என்று நினைத்து வைத்திருக்கலாம், இருக்கட்டும். அதில் பாத்தியைப் பார்த்தது நீ. அந்த வெள்ளையில் நமக்கும் கொஞ்சம் இடம் இருந்தது. இப்போது இலைக்கு இலை வரைந்து, எழுதியும் காட்டிவிட்டார்கள்: பனி, பனி, பனி. பார்க்கிறவர்களுக்கு மிச்சம் வைக்கத் தெரியாதவர்கள் எதற்கு இதில் கை வைக்க வேண்டும்? உலகத்தில் ஒரு வீடியோ கேமில் ஓர் உப்பளம் இருந்தது. அதில் வேலை செய்கிறவள் ஒருத்தி அதை ஆடினாள். அதை அழிக்க யாரைக் கேட்டார்கள்?

ஞாயிற்றுக்கிழமை தம்பியே கூப்பிட்டான். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"நான் வந்த மொதல் வருஷம் பனி கொட்டுச்சில்ல. காலைல வேலைக்கு நடந்து போறேன், ரோட்டோரம் அப்பிடியே அளம் மாதிரியே இருந்துது. குனிஞ்சு ஒரு கை அள்ளி நாக்குல வெச்சுப் பாத்தேன்."

"எதுக்குடா?"

"தெரியலக்கா. அம்மா சொன்னது மண்டைல ஏறி ஒக்காந்துனு இருக்குது இல்ல."

"சரி, எப்பிடி இருந்துது?"



"உப்பு கரிச்சுதுக்கா."

அப்புறம்தான் விளக்கினான். அந்த ஊரில் ரோட்டுப் பனி உருகுவதற்கு லாரியில் உப்பை ஏற்றி வந்து மேலே கொட்டுவார்களாம். அது அவனுக்குப் பிறகுதான் தெரிந்ததாம். "அந்த நிமிஷம் எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. அம்மா கரெக்டா சொல்லியிருக்காங்கன்னு அவங்களாண்ட சொல்லணும்னு அவங்க நம்பருக்குப் போட்டுட்டேன். நீ எடுத்த. ஒண்ணுமில்ல, சும்மாதான்னு சொல்லி வெச்சிட்டேன்."

அந்த அழைப்பு எனக்கு நினைவிருக்கிறது. உன் நம்பரை நான் விடாமல் வைத்திருக்கிறேன் இல்லையா, அதில் அவன் பெயர் வந்ததும் என்னவோ ஏதோ என்று பதறி எடுத்தேன். சும்மாதான் என்றான். நானும் நம்பிவிட்டேன். இப்போது இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதோம். அப்புறம் சிரித்தோம். நீ கேட்டிருந்தால் என்ன கத்துக் கத்தியிருப்பாய் என்று அவன்தான் உன் குரலில் சொல்லிக் காட்டினான்: "வெயில்ல வெந்து வார்ன உப்ப ரோட்டுலயா கொட்றானுங்க? கூப்பிடு அவன!" இந்தக் கோபம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அதே மத்தியானம் அவன் அங்கேயும் நான் இங்கேயுமாக ஆடினோம். அவன் மஞ்சள் பூட்ஸைத்தான் எடுத்தான். பைன் மரங்களுக்கு நடுவே போகும்போது, "அக்கா, மெல்ல நட, உப்பு வழுக்கும்" என்றான். என் கோபம் அதனால் தீர்ந்துவிடவில்லை, தீரவும் வேண்டாம். மரங்கள் மரங்களாகத்தான் நிற்கின்றன. ஆனால் அந்தக் கட்டம் வந்ததும் என் வலது கை தானாகவே எழுந்து நெற்றிமேல் போனது. வீட்டுக்குள், மின்விசிறிக்குக் கீழே, டிவி முன்னால். நான் ஒரு நாளும் உப்பு வாரியதில்லை, அம்மா. அந்தக் கை உன்னுடையது.

ஒரு கையால் ஆடினால் என்ன ஆகும்? விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். புதிய விளையாட்டில் உயிருக்குக் கணக்கே இல்லையாம். எத்தனை தடவை செத்தாலும் தீராதாம். ஒருவர் உயிரை இன்னொருவர் எடுத்துக்கொள்கிற அந்த இரண்டு பட்டனையும் தேவையில்லை என்று தூக்கிவிட்டார்கள். எல்லாவற்றையும் விட அதற்காகத்தான் அவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை. என் பக்கத்தில் இத்தனை உயிர்கள் சும்மா கிடக்கின்றன. உன் ரிமோட் பாயில்தான் இருக்கிறது. வேண்டிய மட்டும் எடுத்துக்கொள். இந்தத் தடவை நான் முணுமுணுக்க மாட்டேன்.