பாமினியில் அடித்த சொல்

2008 பெப்ரவரி 6, புதன்
கொழும்புக் கம்பனியிலிருந்து கடிதம். மார்ச் 27 காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை. மூன்று மணி நேரத்தில் ஒரு புரோகிராம் எழுத வேண்டும். இண்டர்நெட் தரமாட்டார்கள், சொந்தக் குறிப்புகளை சீடியில் கொண்டுவரலாமாம். கொழும்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எல்லாம் இருக்கும். எனக்கு இந்தத் தோட்டத்து லய வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பதே அண்ணன் வாங்கித் தந்த புண்ணியம். இது தவறினால் மறுபடியும் தோட்டத்து ஆபீசில் போய் நிற்க வேண்டியதுதான். அவர்கள் போன தடவையே கைவிரித்துவிட்டார்கள்.

பெப்ரவரி 8, வெள்ளி
மாவனல்லையில் முக்தார் நானாவின் கொமியுனிகேஷன், கோலும் இண்டர்நெட்டும் தரும் கடை. ஜும்ஆவுக்குக் கடை மூடும்போது ஒரு மெஷினை எனக்கு விட்டுப் போகச் சம்மதித்தார். புரோகிராம் மொழியின் ஆவணம் முழுவதையும், பக்கம் பக்கமாக, தானாகவே இறக்கும்படி விட்டேன். 1,900 பக்கம் வந்ததும் நின்றது. ரொம்ப வேகமாகக் கேட்டதால் அந்தத் தளம் கடையையே தடுத்துவிட்டது.
“என்ன தங்கச்சி, ஒங்களால எனக்கு பொலிஸ் வருமா?” என்று சிரித்தார் நானா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெப்ரவரி 22, வெள்ளி
பக்கத்துக்குப் பக்கம் மூன்று விநாடி விட்டுக் கேட்டால் ஒன்றும் சொல்வதில்லை. போன வெள்ளியும் இன்றுமாக முடிந்தது. 4,600 பக்கம் பென் டிரைவில். பஸ்ஸில் கேகாலை வரை அதைக் கைக்குள்ளேயே பொத்திக்கொண்டு வந்தேன். கிறுக்குத்தனம்தான்.

மார்ச் 9, ஞாயிறு
தேடும் புரோகிராம் வேலை செய்கிறது. ஆனால் என்ன தேடுவது? பக்கமெல்லாம் ஆங்கிலம். ஒரு சிக்கல் வந்தால் எனக்கு அது தமிழில்தான் தோன்றும், அதை ஆங்கிலமாக்குவதற்குள் மூன்று மணி நேரமும் போய்விடும். அதனால் முக்கியமான பக்கம் ஒவ்வொன்றுக்கும் என் வாய்ச்சொல்லையே சேர்க்கிறேன். “வரிய ரெண்டா வெட்ட.” “நிக்காம ஓடுறத கொல்ல.” பாமினி எழுத்துருவில் அடிக்கிறேன், அதுதான் கைக்குப் பழக்கம். எழுநூறு பக்கம் ஆயிற்று. கை வலிக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது, மறைப்பானேன்.

மார்ச் 26, புதன்
சீடி தயார். அப்பா ரப்பர் மலையிலிருந்து வந்து, பால் காய்ந்த கையோடு அதைத் தூக்கிப் பார்த்தார். “இம்புட்டும் இதுக்குள்ளயா? ஐடென்டி கார்ட மறக்காத புள்ள. செக்பொயின்ட்ல கேட்டா சிங்களத்துலயே பேசு.” என் சிங்களத்துக்கு என்ன குறை?

மார்ச் 27, வியாழன்
எழுதத்தான் வேண்டும். எழுதினாலாவது ஆறுமா?
ஏழரைக்கு, கொழும்புக்குள் நுழையும் இடத்தில், யுத்தத்துக்காகப் போட்ட செக்பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஐடென்டியில் பெயரைப் பார்த்தார்கள், பையைப் பார்த்தார்கள். சீடி. “மே மொனவாத?” என்ன இது என்று கேட்டார்கள். பாடக் குறிப்பு என்றேன். பொலிசுக்குக் கூட்டிப்போய் அவர்களுடைய கம்ப்யூட்டரில் போட்டார்கள்.
அங்கே பாமினி இல்லை. பாமினியில் அடித்தால் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து, அந்த எழுத்துரு இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். சீடியில் அதையும் சேர்த்துப் போட வேண்டும் என்று இந்த அறிவாளிக்குத் தோன்றவேயில்லை. கொல்ல, வெட்ட என்று நான் அடித்ததெல்லாம் திரை முழுக்க nfhy;y, ntl;l என்று எழுநூறு பக்கம். ரகசிய மொழியா என்று கேட்டார்கள். இது தமிழ்தான் சேர் என்றேன். அங்கிருந்த பெரிய அதிகாரி தமிழ் எழுத்துப் படிக்கத் தெரிந்தவர். “நங்கி,” தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார், “எனக்குத் தமிழ் தெரியும். இது தமிழில்லை.”
நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். ஏன் சொன்னேன்? எனக்கு அந்தக் குப்பையைப் பார்த்தே வாசிக்க வரும், விரல் பழக்கம். வாசித்து வாசித்துச் சிங்களத்தில் சொன்னேன். வரியை ரெண்டாக வெட்ட. சரி என்றார். அடுத்தது, நிற்காமல் ஓடுவதைக் கொல்ல. அதற்கடுத்தது, தாய் செத்த பிள்ளையைக் கொல்ல. ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கிளப்பினால் அதைப் பிள்ளை என்பார்கள் சேர், தாய் நின்ற பிறகும் அது ஓடும் சேர்... யார் கேட்டா? கொல்லன்னு, சிங்களத்துல ‘மரன்ன’ன்னு, என் வாயாலயே சொல்லிட்டேனே. சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.
பெஞ்சில் உட்கார வைத்தார்கள். யாரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. எதிரே மணிக்கூடு. ஒன்பது. பன்னிரண்டு. கம்பனிக்கு ஒரு கோல் எடுக்கட்டுமா என்று மூன்று தடவை கேட்டேன். இருக்கச் சொன்னார்கள். நாலு மணிக்கு யாரோ வந்து பார்த்து, இது கம்ப்யூட்டர் பாடம்தான் என்று சொன்னபின் விட்டார்கள். சீடியைத் தரவில்லை.

மார்ச் 28, வெள்ளி
கம்பனிக்குக் கோல் எடுத்தேன். வராதவர்களுக்கு மறுபரீட்சை கிடையாதாம்.

ஏப்ரல் 2, புதன்
அப்பாவுக்கு விஷயம் முழுதும் சொல்லவில்லை. பஸ் பிந்திவிட்டது என்றேன். “இன்னும் வெள்ளனா போயிருக்கலாமே” என்றார். ஆமாம்ப்பா, போயிருக்கலாம்.

2009 ஜூன் 10, புதன்
அதே கம்பனி இந்த வருஷமும் கூப்பிட்டிருக்கிறது. அடுத்த மாதம். அதே ரோட்டில்தான் போக வேண்டும்.
வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த எழுநூறு பக்கத்திலும் என் சொற்களை அழித்துவிட்டேன். பக்கத்திலிருந்த ஆங்கிலச் சொல்லையே போட்டேன். இரண்டு மாதம் பிடித்தது. இனி யார் திறந்து பார்த்தாலும் சுத்தமாக இருக்கும்.
இன்று பழகிப் பார்க்க ஒன்று எழுதினேன். அது நிற்காமல் ஓடிக் கம்ப்யூட்டரே இறுகிக்கொண்டு வந்தது. தேடப் போனால் விரல் தானாக nfhy;y என்று அடித்தது. எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது. ஆங்கிலச் சொல் தெரியாமலில்லை. நாலே எழுத்து. அடிக்கக் கை வரவில்லை, அந்த அறைதான் ஞாபகம் வந்தது. வயரைப் பிடுங்கிவிட்டேன்.
“என்னா புள்ள, நின்னுருச்சு?” என்றார் அப்பா.
கரண்ட் போயிருச்சுப்பா என்றேன்.
அவர் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த பல்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.