வேப்பிலை புதைத்த பாத்தி

அக்கா, போனவர்களுக்குக் கடிதம் எழுதலாமா என்று தெரியவில்லை. தவறென்றால் மன்னித்துவிடுங்கள். இன்று பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து, மழைக்குப் பூக்கடை ஓரம் ஒதுங்கினேன். வாளித் தண்ணீரில் வேப்பிலைக் கொத்துகள் ஊறிக்கொண்டிருந்தன. அந்தக் கசப்பு வாடை நம் ஊர் கிள்ளான் வரைக்கும் பஸ்ஸில் என் கூடவே வந்தது.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். உங்கள் பக்கம் வேப்பமரம், அதன் அடியில் மஞ்சள் துணி கட்டிய அம்மன் சூலம். வெள்ளிதோறும் கூட்டும் இலையை நீங்கள் குப்பைத் தோங்கில் போடமாட்டீர்கள். அம்மன் இலை மிதிபடக் கூடாது என்று மரத்தடிப் பயற்றம் பாத்தியில் கொத்திப் புதைப்பீர்கள். மரத்தின் நிழலுக்கு வெளியே லாலான் புல் இடுப்பளவு நிற்கும். நிழல் விழும் வட்டத்துக்குள் மட்டும் ஒன்றும் வராது.

ஒரு நாள் இருவரும் அந்த மண்ணைக் கிளறிப் பார்த்தோம். நீங்கள் ஊன்றிய விதைகள் ஊதி, மூடிய இமைகளைப் போல வரிசையாகக் கிடந்தன. முளைவிட்டிருந்த ஒன்றிரண்டின் வேர்நுனி, நெருப்பில் காட்டியதுபோல் கறுத்திருந்தது.

"இவ தொட்டா வித்துகூடக் கண்ண மூடிக்கும்," என்றார் அடுப்படியிலிருந்து உங்கள் மாமியார். இருமுறை கரு தங்காமல் போனவர் நீங்கள். அவர் எதைச் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். எழுந்து போய், அம்மன் மனம் இரங்கட்டும் என்று இன்னொரு கூடை இலையைக் கொண்டுவந்து புதைத்தீர்கள்.

எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போய், நான் அப்போது பயிர்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் வேலியோரம் வந்து நிற்பேன், காரணம் புரிந்திருந்தும் சொல்ல வாய் வராது.

"யூனிவர்சிட்டி பொண்ணு, வாயத் தொறந்து சொல்லு லா. வேலிகிட்டயா பேசப் போற?" என்பீர்கள்.

இரண்டு பால்மாவு டின்களில் எங்கள் பக்கத்து மண்ணை நிரப்பி, இரண்டிலும் உங்களையே விதை ஊன்றச் சொன்னேன். ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர், மற்றதற்கு வேப்பிலை ஊறிய தண்ணீர். முதல் டின்னில் பயறு தலை நீட்டியது. மற்றது அப்படியே கிடந்தது.

"இலைக் கசப்பு மண்ணுல எறங்கினா வேர் ஓடாதுக்கா. சில மரம் அப்படித்தான்."

மெலிந்து நீண்ட விரல்களை விரித்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "அப்ப என் கையில ஒண்ணும் இல்லையா?"

"இல்லக்கா."

உடனே சூலத்தைத் திரும்பிப் பார்த்தீர்கள். "மெதுவா சொல்லு. ஆத்தாவுக்குக் கேக்கப் போவுது!" அன்றுதான் நீங்கள் வாய்விட்டுச் சிரித்துக் கேட்டேன்.

அதன்பின் இலைக்குத் தனியாக ஒரு குழி வெட்டினீர்கள். மூன்றாம் முறை கரு தங்கியது; பாத்தியின் கசப்பு தீருமுன்பே பிரசவத்துக்குப் போனீர்கள். குழந்தை வீட்டுக்கு வந்தது. நீங்கள் வரவில்லை. மாமியார் மறுபடியும் இலையைப் பாத்தியிலேயே புதைத்தார்.

போன வருடம் கால்வாய் வெட்ட வந்தவர்கள் மரத்தைச் சாய்த்தார்கள். சூலம் கோயிலுக்குப் போய்விட்டது. வட்டம் மட்டும் போகவில்லை. உச்சி வெயிலில், இல்லாத மரத்தின் நிழல்போல வெறும் மண்ணாகக் கிடக்கிறது. மழை பெய்தால் அதிலிருந்து வாடை எழுகிறது. எந்த மண்ணைத் தொட்டாலும் முதலில் முகர்ந்து பார்க்கிறேன், அக்கா. அது உங்களால் வந்த பழக்கம்.

உங்கள் மகளுக்கு ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமை நான் பயறு ஊன்றும்போது வேலிக்கு வந்தாள். விதையை நீட்டினேன். கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"வேணாம் ஆன்டி. எனக்கு அம்மா கையாம். பாட்டி சொன்னாங்க."

எங்கள் பக்கத்து மண்ணையே ஒரு டின்னில் நிரப்பி, அவளை ஊன்ற வைத்தேன். நல்ல மண், நல்ல தண்ணீர். முளைக்கும் என்று படித்தவளுக்குத் தெரியும். ஆனால் இன்று விடியலில் டின்னின் ஈர மண்மேல் விரல்கள் பதிந்திருந்தன. அவளுடையவற்றைவிட நீளம். என்னுடையவற்றைவிட மெலிவு.

யாருடையவை என்று வீட்டில் நான் கேட்கவில்லை. உங்களையும் கேட்கமாட்டேன். ஒன்றே ஒன்றுதான் வேண்டும், அக்கா: அது நீங்கள் என்றால், வேர் ஓடும்வரை கையை எடுத்துவிடாதீர்கள்.