ஓட்டை விழுந்த பத்திரிகைகள்

ஜூன் 17, 1947. எருசலேம்

யூதர்களாகிய எங்களுக்குப் பாலஸ்தீனத்தில் ஒரு நாடு தரலாமா, கூடாதா என்று பார்க்க ஐ.நா.விலிருந்து பதினொரு நாட்டுக்காரர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். எங்கள் பத்திரிகை ஆசிரியர் ஸெலிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஹெர்டா, உலகம் நம்மளப் பத்தி என்ன சொல்லுதுன்னு தினம் அரைப் பக்கம் வேணும். நல்லதா பாத்து எடுங்க" என்றார். நல்லது இல்லாவிட்டால்? "இருக்கும். தேடுங்க."

எங்களுடையது ஏழைப் பத்திரிகை. லண்டன், மான்செஸ்டர் இதழ்களுக்கு மட்டும்தான் சந்தா. அமெரிக்க, பிரெஞ்சு இதழ்கள் எனக்கு ஷுக்ரி ஹலபியிடமிருந்து வருகின்றன. அவர் ஓர் அரபு நாளிதழில் இதே வேலை பார்க்கிறார், அவர்களும் ஏழைகள்தான். காலையில் தபால் நிலையத்தில் அவரவர் பத்திரிகைக் கட்டை வாங்குவோம். வேண்டியதை வெட்டிக்கொண்டு, மீதியை மத்தியானம் எதிரே அர்மீனியர் காபிக் கடையில் மாற்றிக்கொள்வோம். இந்த ஏற்பாடு இரண்டு ஆசிரியர்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறார்கள்.

ஜூன் 26

சைப்ரஸ் முகாமிலிருந்து என் தங்கை எல்லி எழுதியிருக்கிறாள். கூடாரத்துக்குள் அடுப்பு மாதிரி வெக்கை, குடிக்கவே தண்ணீர் போதவில்லை, வயிற்றுப் பிள்ளைக்கு இப்போது நான்காம் மாதம். வந்த கப்பலைப் பிடித்து அங்கே அடைத்ததிலிருந்து முறைக்காகக் காத்திருக்கிறாள். மாதத்துக்கு இத்தனை பேர்தான் என்று இங்கே ஆளும் பிரிட்டிஷார் விடுகிறார்கள். அவள் முறை வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நாடு என்று ஒன்று வந்துவிட்டால் முறையாவது மண்ணாவது, வாசலைத் திறந்துவிட்டாக வேண்டும். வீட்டில் மிஞ்சியது நாங்கள் இருவர்தான். எனக்கு அரசியல் இவ்வளவுதான்.

ஜூலை 21

ஹைஃபா துறைமுகத்துக்கு வந்த ஒரு யூத அகதிக் கப்பல் ஜனத்தைப் பிரிட்டிஷார் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஸெலிக் அரைப் பக்கம் போதாது, முழுப் பக்கம் வேண்டும் என்கிறார்.

ஆகஸ்ட் 12

லண்டன்காரர்கள் முறைக்கிறார்கள், அது தெரிந்த கதை. ஆனால் நியூயார்க், பாரிஸ் எல்லாம் முழுக்க எங்கள் பக்கம். ஒருவர்கூட மாற்றிப் பேசவில்லை. இவ்வளவு ஒற்றுமையாக உலகத்தை நான் பார்த்ததே இல்லை. எல்லிக்கு எழுதினேன்: இன்னும் கொஞ்ச நாள்தான் பொறுத்துக்கொள்.

செப்டம்பர் 3

ஐ.நா. குழுவின் அறிக்கை வந்துவிட்டது. நாட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டுமாம், எருசலேம் மட்டும் யாருக்கும் இல்லாமல் பொதுவில். ஷுக்ரி காபியைத் தொடவில்லை.

"இது நடக்காது, மிஸ் லாண்டவ். உலகம் ஒத்துக்காது. லண்டன் பத்திரிகையப் பாருங்க, உங்க பக்கம் ஒரு வரி இல்ல."

"ஒரு வரி இல்லையா? போன வாரம் மட்டும் நாலு கட்டுரை வந்துது. நீங்க நியூயார்க்கப் பாருங்க. உங்களுக்காக அங்க ஒருத்தர் பேசலையே."

"பேசலையா? நானே ஆறு வெட்டினேனே."

இருவரும் மேஜையில் கிடந்த கட்டுகளைப் பார்த்தோம். என் லண்டன் இதழில் நாலு ஓட்டை. அவருடைய நியூயார்க் இதழில் ஓட்டை வழியே காபிக் கோப்பை தெரிந்தது. எனக்கு ஆனதை நான் வெட்டிக்கொண்டு, எனக்கு ஆகாததை அவருக்குக் கொடுத்திருக்கிறேன். அவரும் அதையே செய்திருக்கிறார். ஆக, அவர் கையால் வந்த உலகம் முழுக்க என் பக்கம். என் கையால் போன உலகம் முழுக்க அவர் பக்கம். இரண்டு வருடமாக இப்படி! படித்தவர்கள், நாலு பாஷை தெரிந்தவர்கள் என்று பேர் வேறு.

ஷுக்ரிதான் முதலில் சிரித்தார். "எங்க ஆசிரியர்கிட்ட நேத்துதான் சொன்னேன், இங்கிலாந்து ஜனம் மொத்தமும் நம்ம பக்கம்னு. மனுஷன் சந்தோஷத்துல எனக்கு சிகரெட் கொடுத்தார்." நான் எல்லிக்கு எழுதியதை அவரிடம் சொல்லவில்லை. எனக்கு சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 4

புது ஏற்பாடு. முதலில் சேர்ந்து படிப்பது, பிறகு வெட்டுவது. அதற்காக ஒரு மணி நேரம் முன்னாலேயே கடைக்கு வர வேண்டும்.

செப்டம்பர் 25

நான் ஆங்கிலத்தைப் படிக்கிறேன், அவர் பிரெஞ்சைப் படிக்கிறார். தலையங்கங்களை விட வாசகர் கடிதங்கள்தான் சுவை. பிரிஸ்டலில் ஒரு சீமாட்டி, இரண்டு கூட்டத்தையும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்டு இங்கே கல்லறைகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள். லியோனில் ஒரு பல் மருத்துவருக்கு யூதர்கள் மேல் மிகுந்த அனுதாபம். ஆகையால் அவர்கள் பிரான்ஸை விட்டுச் சீக்கிரம் இங்கே வந்துவிட வேண்டுமாம்.

"இவர் உங்க பக்கமா, எங்க பக்கமா?" என்றார் ஷுக்ரி. "இந்தாங்க, நீங்களே வெட்டிக்கங்க. எனக்கு வேண்டாம்."

எனக்கும் வேண்டாம். அந்தப் பல் மருத்துவரை முழுசாக விட்டுவிட்டோம்.

அக்டோபர் 16

பிரிவினை வரைபடத்தில் ஹைஃபா எங்கள் பக்கம் வருகிறது. ஷுக்ரியின் மனைவி வீட்டார் அந்த ஊர்க்காரர்கள். "எங்க மாமியார் எழுபது வருஷமா எதுக்கும் யாரையும் கேட்டதில்ல. இப்ப அவங்கள யாரும் கேக்கல. ஐ.நா.ல ஈக்வடாரக் கூடக் கேக்கறாங்களாம், எங்க மாமியாரக் கேக்கலையாம். வீட்ல பாத்திரம் பறக்குது." வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் சிரித்த பிறகு பார்த்தால் அவர் சிரிக்கவில்லை.

பிறகு வழக்கம்போலக் கேட்டார்: "தங்கச்சிக்கு எப்படி இருக்கு?" தினமும் கேட்கிறார், ஒரு நாள் விடாமல்.

நவம்பர் 20

எல்லிக்குப் பெண் குழந்தை. முள்வேலிக்குள் பிறந்தவள். ஷுக்ரி ஒரு பொட்டலம் சர்க்கரை பூசின பாதாம் கொண்டுவந்தார். குழந்தை பிறந்தால் அவர்கள் வீட்டில் அப்படித்தானாம். "இத உங்க ஆசிரியருக்குக் கொடுக்காதீங்க" என்றார். கொடுக்கவில்லை.

நவம்பர் 26

இன்று வாக்கெடுப்பு என்றார்கள். இல்லை, தள்ளிவைத்துவிட்டார்கள். நாளை அமெரிக்காவில் ஏதோ பண்டிகையாம். வான்கோழி தின்றுவிட்டு வந்து எங்களைப் பார்ப்பார்கள்.

நவம்பர் 29, சனி

வீட்டுக்காரி ரெய்னா அம்மா நேற்றுச் சாயங்காலம் விளக்கேற்றும் முன்பே வானொலியைப் போட்டு அப்படியே விட்டுவிட்டாள். வெள்ளி சாயங்காலம் தொடங்கும் எங்கள் ஓய்வு நாளில் தொடக் கூடாதே. போட்ட நிலையம் தப்பு. நேற்றிலிருந்து ஏதோ ஊரின் நாட்டிய இசை. நாடு கிடைக்குமா கிடைக்காதா என்று அண்டை வீட்டார் எல்லாம் கூடி உட்கார்ந்து டாங்கோ கேட்டோம். யாரும் திருகக் கூடாது. அடுத்தவரைத் திருகச் சொல்லவும் கூடாது.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள் ரெய்னா அம்மா. "ஆனா சில பேர் பாக்கிறதில்ல. வெள்ளிக்கிழமைல சிகரெட் பிடிக்கிறாங்க. மத்தத மட்டும் செய்ய மாட்டாங்க." வானொலியை நான் திருக வேண்டும், எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டேன். அவள் வீட்டில் அவள் சட்டத்தை நான் உடைக்க மாட்டேன். எப்படியும் நேற்றும் வாக்கெடுப்பு நடக்கவில்லை என்று தெருவில் சொன்னார்கள். டாங்கோவே மேல்.

நவம்பர் 30

கிடைத்துவிட்டது. ஆதரவு முப்பத்துமூன்று, எதிர்ப்பு பதின்மூன்று, பத்துப் பேர் வாயே திறக்கவில்லை. ஊரே தெருவில் ஆடுகிறது. ரெய்னா அம்மா பால்காரரைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் ஆடினேன், எனக்கு ஆடத் தெரியாது. எல்லி, எல்லி, எல்லி.

மத்தியானம் போகலாமா வேண்டாமா என்று இருந்தது. போனேன். அவர் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று, "வாழ்த்துகள்" என்றார். பகடி இல்லை, உண்மையாகவே சொன்னார். படித்து முடித்ததும் பத்திரிகைக் கட்டை அப்படியே என் பக்கம் தள்ளினார். ஒரு ஓட்டை இல்லை.

"இன்னிக்கு நீங்க வெட்டலையா?"

"வெட்ட எனக்கு ஒண்ணும் இல்ல, மிஸ் லாண்டவ். எல்லாம் உங்களுதுதான். தங்கச்சி இனி வந்துடுவா, பாருங்க."

 காபிக்கு நான் கொடுக்கிறேன் என்றேன். அவர் விடவில்லை.

டிசம்பர் 4

சந்தைத் தெரு எரிந்தது. பஸ்ஸில் சுட்டார்கள். அதற்குப் பதில், பிறகு அதற்குப் பதில். அர்மீனியர் கடையை இழுத்து மூடிவிட்டார். தபால் நிலையத்துக்குப் போகும் வழியில் முள்கம்பி. ஷுக்ரி வரவில்லை.

டிசம்பர் 21

அலுவலகத்துக்கு அவரிடமிருந்து தொலைபேசி. ஸெலிக் பக்கத்திலேயே நின்றார்.

"எருசலேம் சரியில்ல. பிள்ளைங்கள கூட்டிட்டு ஹைஃபா போறோம், மாமியார் வீட்டுக்கு. அங்க அமைதியா இருக்காம்."

"நல்லது. போய்ட்டு வாங்க."

"ஹைஃபா வந்தா வீட்டுக்கு வாங்க. தங்கச்சியக் கூப்பிட துறைமுகத்துக்கு எப்படியும் வருவீங்கல்ல."

"வர்றேன்" என்றேன். ஸெலிக் கடிகாரத்தைக் காட்டினார்.

ஏப்ரல் 23, 1948

ஹைஃபா எங்கள் கையில். அரபுக்காரர்கள் படகு படகாகக் கடல் வழியே போகிறார்களாம். ஸெலிக் முதல் பக்கத்தில் போட்டார். இங்கே முற்றுகை, ஒரு வாளித் தண்ணீரில் குளித்து, அதிலேயே துணி துவைத்து, அதையே கழிப்பறைக்கு ஊற்றுகிறோம். அயல்நாட்டு இதழ்கள் வருவதில்லை. உலகத்தின் கருத்து எனக்குத் தெரியாது.

ஷுக்ரி போய்ச் சேர்ந்திருப்பார். எங்கே? பெய்ரூட்டா? பிள்ளைங்க சின்னப் பிள்ளைங்க.

மே 16

முந்தாநாள் நாடு பிறந்ததாக அறிவித்தார்கள். அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. ரெய்னா அம்மாவின் வானொலியை வைத்து அரைப் பக்கம் எழுதினேன். குண்டுச் சத்தம். ஆடவில்லை.

செப்டம்பர் 9

இதழ்கள் மறுபடி வருகின்றன. இப்போது எல்லாவற்றுக்கும் எங்களுக்கே சந்தா. "இனி யாரையும் கெஞ்ச வேண்டாம்" என்கிறார் ஸெலிக். கெஞ்சியதே இல்லை என்று சொன்னேன், அவர் காதில் விழவில்லை. நியூயார்க் இதழை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன். அரபு அகதிகளின் கூடாரங்களைக் காட்டும் படம் ஒன்று இருந்தது. ஸெலிக்கிடம் காட்டினேன். "நல்லதா பாத்து எடுங்கன்னு சொன்னேனே" என்றார்.

பிப்ரவரி 20, 1949. ஹைஃபா

எல்லி வந்துவிட்டாள். நாடு வந்த பிறகும் சைப்ரஸில் இருந்தவர்களைப் பிரிட்டிஷார் கடைசி வரை பிடித்து வைத்திருந்தார்கள். இந்த மாதம்தான் மிச்சமிருந்த எல்லோரையும் விட்டார்கள். இங்கே அரசாங்கத்தில் இரண்டு அறை, ஒரு சமையலறை, கடல் தெரிகிற ஜன்னல் கொடுத்திருக்கிறார்கள். கதவைத் தாழிட்டாள், திறந்தாள், மறுபடி தாழிட்டாள். "உள்ளேருந்து பூட்டலாம் அக்கா, பாரு." நான் அழுதுவிட்டேன். குழந்தை தரையில் தத்தித் தத்தி நடக்கிறது. தரை வழவழவென்று பூப் போட்ட கல்.

அலமாரியில் கோப்பைகள் அடுக்கியபடி இருக்கின்றன. காபி காய்ச்சும் நீளப் பிடிப் பாத்திரம் இருக்கிறது.

"இது யார் வீடு, எல்லி?"

"கேக்க வேண்டாம்னாங்க. கப்பல்ல போயிட்டாங்களாம்." குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "நாமளும் கப்பல்லதானே வந்தோம்."

ஹைஃபா பெரிய ஊர். ஆயிரம் மாமியார்கள் இருந்திருப்பார்கள். இருந்தாலும் படியிறங்கிப் போய்த் தெருமுனையில் பெயர்ப் பலகையைப் பார்த்தேன். பார்த்து என்ன? மான்செஸ்டர் என்ன நினைத்தது, பிரிஸ்டல் சீமாட்டி என்ன நினைத்தாள், லியோன் பல் மருத்துவர் என்ன நினைத்தார், எல்லாம் எனக்குத் தெரியும். ஷுக்ரி தினமும் தங்கச்சியைப் பற்றிக் கேட்டார். அவர் மாமியார் வீடு எந்தத் தெரு என்று நான் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

மேலே ஏறி வந்தேன். எல்லி அந்தக் கோப்பைகளில் தேநீர் ஊற்றியிருந்தாள். உட்கார்ந்து குடித்தேன்.