கரோக்கி, பெண்களுக்கு மட்டும்

2009 ஜூன் 8, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. கடை ஷட்டர் அடித்துக்கொண்டே இருக்கிறது. மேற்கே மலை தெரியவில்லை, சாரல். எங்கள் கரோக்கி சிடி ஒன்று கூட விற்கவில்லை. ரேக்கைத் துடைத்தேன். பிறகு மறுபடியும் துடைத்தேன்.

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் தேங்காய் வாங்கப் போனபோது, செல்போன் கடையிலிருந்து ஒரு பாட்டு. குரல் இல்லை, இசை மட்டும். தொடக்கத்தில் ஒரு செருமல். என் புருஷன் டேனியலின் செருமல்! எத்தனை நாள் கீபோர்டில் உட்கார்ந்து அந்த ட்ராக்கைச் செய்தார். இப்போது மெமரி கார்டில் நூறு பாட்டோடு ஒன்றாக ஏற்றிக் கொடுக்கிறார்கள்.

நான் சொன்னதும் இவர் அந்தக் கடைக்குச் சண்டைக்குப் போனார். தொங்கிய முகத்தோடு திரும்பினார்.

கடைக்காரர் கேட்டாராம்: "இதுல ஒங்க பேரு எங்கனண்ணே எழுதியிருக்கு? மொதல்ல பாட்டே ஒங்களுது இல்லையே?"

உண்மைதானே. நாங்கள் யாரிடம் கேட்டுச் செய்தோம்? எங்கள் ட்ராக் வந்த பிறகு, கச்சேரி மேடையில் டிரம்ஸ் வாசித்த பாண்டி பிழைப்பு போய் லோடு ஆட்டோ ஓட்டப் போனார். இப்போது எங்கள் முறை போல.

ஜூன் 9, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. இவர் சரியாகச் சாப்பிடவில்லை. திருப்பூரில் இருக்கும் தம்பியோடு போனில் பேசினார். பனியன் கம்பெனியில் ஸ்டோர் வேலையாம். கீபோர்டை விற்றுவிடலாம் என்கிறார்.

"அங்கன போயி பனியன எண்ணிக்கிட்டு உக்காரப் போறீகளா?"

"இங்கன மட்டும் என்னத்த எண்றேன்?"

கடைக்கும் வீட்டுக்கும் நாலு தடவை நடந்தேன். ஒரு வேலையும் இல்லாமல்.

ஜூன் 11, வியாழன்

கடையில் நான் மட்டும். மைமூன் என்று ஒருவர் வந்தார். கோட்டுபோல நீளக்கை அங்கி, கையில் ஸ்கூல் பை, டீச்சராம். சிடியை எடுக்கிறார், வைக்கிறார், எடுக்கிறார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். அண்ணன் மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் மருதாணி வைக்கப் பெண்கள் மட்டும் கூடுவார்களாம்.

"கச்சேரிக் குரூப்பக் கூப்புட்டா ஆறு ஆம்பளைக வருவாகக்கா. எங்க மாடிக்கு ஆகாது. நீங்க மட்டும் மெசினத் தூக்கிட்டு வருவீகளா?"

"பாட்டுதான் இப்ப போன்லயே கெடைக்குதே?"

"போன் பாடும். நாங்கள்ல பாடணும்!"

சரி என்று சொல்லிவிட்டேன். இவரைக் கேட்கவில்லை. எனக்கு எந்த வயர் எங்கே போகும் என்று கூடத் தெரியாது.

ஜூன் 12, வெள்ளி

மைமூன் வீட்டு விஷயத்தைச் சொன்னேன், பெரிய சண்டை.

"நான் செஞ்ச ட்ராக்கு. நான் தெருவுல நிக்கணும், நீ மாடியில நிப்பியா?"

"நிக்க வேணாம். திருப்பூருல உக்காந்திருங்க."

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

மதியம் மைமூன் மூன்று பெண்களோடு வந்தார், பாடிப் பார்க்க. இவர் கம்ப்யூட்டரை மறைத்திருக்கும் தட்டிக்குப் பின்னால் போய்விட்டார். ட்ராக் எல்லாம் ஆண்கள் பாடுகிற சுருதி. மேடைப் பாடகர்களுக்காகச் செய்தவை. ஒருத்திக்கு மேலே எட்டவில்லை. ஒருத்திக்குக் கீழே குரலே வரவில்லை. சிரித்துச் சமாளித்தார்கள். கிளம்பிவிடுவார்களோ என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

இசை நின்றது. திரும்ப ஓடியபோது சுருதி ஒரு கட்டை இறங்கியிருந்தது. தட்டிக்குப் பின்னால் மவுஸ் தட்டும் சத்தம். அடுத்தவளுக்கு ஏறியது. எல்லாரும் பாடி முடிக்கும்வரை அப்படியே.

சாயங்காலம் வயரைத் தரையில் பரப்பினார். "இங்க பாரு. இது மிக்ஸருக்கு. இது ஸ்பீக்கருக்கு. மாத்திச் சொருகினா கீன்னு கத்தும்."

ஜூன் 17, புதன்

ஆட்டோவில் ஸ்பீக்கர் இரண்டு, மிக்ஸர், கம்ப்யூட்டர், வரி காட்ட டிவி. இவர் மாடிப்படி வரை தூக்கி வைத்தார். அதற்கு மேல் பெண்கள் தூக்கினார்கள்.

மாடி வாசலில் மைமூனின் அம்மா ஒரு தாம்பாளத்தோடு நின்றார். எல்லாருடைய போனும் அதில் போக வேண்டும். "படம் புடிக்கக் கூடாது, பாட்டும் புடிக்கக் கூடாது. இங்கன பாடுறது இங்கனயே." என் போனும் போயிற்று.

மாட்டினேன். சத்தமே வரவில்லை. முப்பது நாற்பது பெண்கள் என் கையையே பார்க்கிறார்கள். இவரிடம் கேட்க போனும் இல்லை. ஜன்னல் வழியாகத் தெருவில் நின்ற இவரைப் பார்த்துக் கத்தினேன், "வரலைங்க!"

"செவப்பு லைட்டு எரியுதா?" கீழிருந்து இவர்.

"எரியுதா?" ஜன்னலோரத்துப் பெண். "எரியுது, எரியுது!" மிக்ஸர் பக்கத்தில் இன்னொருத்தி.

"அப்ப ஸ்பீக்கர் சுச்சப் போடச் சொல்லுங்க!"

ஸ்பீக்கர் சுவிட்சையே போடவில்லை நான். மாடியே சிரித்தது. அதற்கப்புறம் யாருக்கும் கூச்சம் இல்லை.

மாமியாராகப் போகிறவர் தாளம் தவறித் தவறிப் பாடினார், மருமகளே விசில் அடித்தாள். பிறகு ஒருவர் எழுந்தார். மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை, உதட்டில் இடித்தது. பாடத் தொடங்கியதும் மருதாணிக் கைகள் அப்படியே நின்றன. பாதியில் மேல் ஸ்தாயி எட்டாமல் நிறுத்தி, கண்ணைத் துடைத்து, மறுபடி அதே வரியிலிருந்து. எங்கே இருந்தது இந்தக் குரல் இத்தனை வருஷம்?

ஜூன் 18, வியாழன்

உடம்பெல்லாம் வலி. காபி கொடுத்துக்கொண்டே இவர் கேட்டார், "நடுவுல அழுத மாதிரி பாடுனாகளே, அது யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"எங்கிட்டயுமா?"

"ஒங்ககிட்டயும்தான்."

கோபம். கடைக்குப் போய்விட்டார். மதியம் சோறு கொண்டு போனால் அதே பாட்டு ஓடுகிறது, இன்னும் தாழ்வாக. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அந்தம்மாவுக்கு இன்னும் அரைக் கட்டை எறக்கணும். அப்பத்தான் மேல நிக்கும். பாத்தா சொல்லிரு."

திருப்பூர்த் தம்பி போன் செய்தார். இவர் சொன்னார்: "இந்த மாசம் வர முடியாதுடா, வேலை கெடக்கு."

எனக்குத்தான் பயம். மாதத்துக்கு எத்தனை கல்யாணம்? ஆடி பிறந்தால் அதுவும் இல்லை. கடை வாடகை ஆடிக்கு நிற்குமா?

ஜூன் 20, சனி

காற்று கொஞ்சம் குறைவு. காமயகவுண்டன்பட்டியிலிருந்து இரண்டு பெண்கள், டவுன் பஸ்ஸில் இறங்கி விசாரித்து வந்தார்கள். திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறவர்கள். நகமெல்லாம் கறை. பாட்டு மெசின் வைத்திருக்கும் அக்கா நான்தானா என்றார்கள்.

"ஆமா. என்ன விசேஷம் ஆத்தா? சடங்கா, காதுகுத்தா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விசேஷமெல்லாம் ஒண்ணுமில்லக்கா. ஞாயித்துக்கெழம வேல கெடையாது. நாங்க பன்னெண்டு பேரு. சும்மா பாடணும்."