கயிறு கட்டிய சுவர்

அன்பின் உம்மா, அஸ்ஸலாமு அலைக்கும். கரைத்தீவு வெயிலுக்கு உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

வெள்ளிக்கிழமை, இங்கே கட்டாரில் முத்துக் குளித்தவர்கள் கைவிட்டுப் போன பழைய ஊரைப் பார்க்கப் போனோம். கூரையில்லாத ஒரு வீட்டுக்குள், மன்னாரில் நம் இடிந்த வீட்டுக்குப் போகும்போது வாப்பா செய்வதுபோல, செருப்பைக் கழற்றி ஸலாம் சொல்லி நுழைந்துவிட்டேன். "ஆளில்லாத ஊட்டுல யாருக்குடா ஸலாம்?" என்று கூட வந்த றஸீன் சிரித்தான். காவல்காரன் ஓடி வந்து, பெறுமதியான சுவர், சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே போ என்று ஏசினான்.

முழங்கால் உயரச் சுவர், உம்மா! தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் மன்னாரிலிருந்து உங்களை விரட்டிய பிறகு இடிந்த நம் சுவரும் அதே உயரம்தான். அதை மட்டும் காடு என்று சொல்லி வன இலாகாவினர் எல்லைக்கல் நட்டார்களே!

கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள், இங்கே சோறு இறங்குவதில்லை. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. வாப்பா அடுத்த முறை மன்னார் போனால், நம் சுவரைச் சுற்றி ஒரு கயிறாவது கட்டிவிட்டு வரட்டும்.

மகன் முஆஸ்