கிரேஸ் மார்க் மூச்சு

சித்தூர், மார்கழி 1975, வியாழன்

பக்கத்துத் தோட்டத்து ரங்கசாமியும் நானும் இன்று பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் குழாயில் மூச்சை ஊதிக் காட்டினோம். டாக்டரிடம் இருந்தது வெள்ளைக்காரர்களுக்கான அட்டவணை. அதன்படி என் மூச்சு குறைவு.

"நம்ம ஆளுகளுக்குக் கொஞ்சம் குறைச்சுத்தான் பார்க்கணும் மாஷே. அப்படிப் பார்த்தா நார்மல்தான்" என்றார் மலையாளி டாக்டர். வாத்தியாரை அங்கே மாஷ் என்பார்கள்.

பீடி குடிக்கிற ரங்கசாமியோ வெள்ளைக்காரன் அளவையே தாண்டிவிட்டான். "ஏனுங்க வாத்தியாரே, கிரேஸ் மார்க்குலயா பாஸானீங்க?" என்று வழியெல்லாம் சிரித்தான்.

நானும் எத்தனையோ பையன்களைக் கணக்கில் அப்படித் தேற்றிவிட்டிருக்கிறேன். மேல்வகுப்பில் முதல் கணக்கிலேயே விழித்து நின்றார்கள். இன்று பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் மேடு ஏறும்போது நானும் அப்படித்தான் நின்றேன். ரங்கசாமி என் பையையும் வாங்கிக்கொண்டு, மாங்காய் விலை பேசியபடியே ஏறிப் போனான். பை போனால் போகட்டும். ஏறும்போது எப்படி அவனால் பேச முடிகிறது?

நார்மல் என்று மட்டும் மரகதத்திடம் சொன்னேன். நிம்மதியாகத் தூங்கிவிட்டாள். நீளமாக, சீராக மூச்சு விடுகிறாள். மனைவியின் மூச்சின் மேலும் பொறாமை வருகிறது. எனக்குப் படுத்தால் முட்டுகிறது. உட்கார்ந்தே இருக்கிறேன்.