நாய் தேறி வருகிறது

கொட்டாஞ்சேனை,
20.06.1996

அன்புள்ள தம்பி யோகநாதனுக்கு,

சவுந்தரநாயகம் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி இமெல்டாவும், எங்கள் வீட்டு அறையில் இருக்கும் உங்கள் தங்கை நேசமலரும் சுகம். லண்டனில் உங்கள் சுகத்துக்கு அந்தோனியாரை மன்றாடுகிறேன்.

தம்பி, இது என் கையெழுத்து! அறுபத்தெட்டு வயதில் நான் எழுதும் முதல் கடிதம். வெள்ளவத்தை மிருக வைத்தியசாலையில் நேசமலர் நேர்ஸ், நான் கூடு கழுவுகிறவன் என்று தெரியும்தானே. கூடுகளில் தொங்கும் மட்டைகளில் நோயாளிகளின் பெயரை எழுதவைத்துத்தான் பிள்ளை எனக்கு எழுத்துப் பழக்கினாள். ஒரு பூனையின் பெயரைப் பிழையில்லாமல் எழுதிய அன்று வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு போனேன். இது பூனைக்கா எனக்கா என்று இமெல்டா கேட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை இரத்மலானையிலிருந்து ஓர் இராணுவ அதிகாரி தன் நாயை ஜீப்பில் கொண்டுவந்தார். யாரோ மதிலுக்கு மேலால் நஞ்சு வைத்த இறைச்சியை எறிந்திருக்கிறார்கள். வாயில் நுரை, கைகால் இழுத்தது. டொக்டர் ஊசி போட்டு வயிற்றைக் கழுவினார். மிச்சமெல்லாம் நேசமலரின் வேலை. ஜன்னலை மூடி அறையை இருட்டாக்கினாள். சேலைன் ஏற்றி, ஈரத்துணியால் துடைத்து, பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, உதட்டைத் தூக்கிப் பல் முரசின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இப்படிப்பட்ட நோயாளிக்கு நினைவு இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். அதிகாரி தான் வைத்த சிங்களப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அசைவில்லை. மூச்சுக் குறைந்துகொண்டு போனது. வெளியாட்கள் முன்னால் தமிழ் கதைக்காதீர்கள் என்று எனக்குச் சொல்லித் தந்தவளே அதை மறந்துவிட்டாள். எழும்படா ராசா, என்னைப் பாரடா என்று அதன் காதடியில் சொன்னாள். நாய் கண்ணைத் திறந்து வாலை ஆட்டியது. நான் கைதட்டிவிட்டேன், தம்பி.

அதிகாரி கோபிக்கவில்லை. சிரித்தார். போன வருஷம் யாழ்ப்பாணத்தில் ஆளில்லாத வீட்டில் எடுத்த நாய், இதற்குத் தமிழ்தான் விளங்கும்போல என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு, மிஸ்ஸுக்கு எந்த ஊர், கூடப்பிறந்தவர்கள் எங்கே என்று கேட்டார். அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாய் எழும்பிவிட்டால் சனிக்கிழமை காலை ஜீப் வரும், மிஸ்ஸும் முகாமுக்குக் கூடவரட்டும், வேறு சில விஷயங்களும் கதைக்க இருக்கிறது, பின்னேரம் கொண்டுவந்து விடுவோம், அட்டையையும் அப்போது தருகிறேன் என்றார். வேறு நேர்ஸை அனுப்பலாம் என்று டொக்டர் சொல்லிப் பார்த்தார். இந்த மிஸ்தான் வேண்டுமாம்.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் நமசிவாயத்தின் மகனையும் கதைக்க என்றுதான் கூட்டிப்போனார்கள். அவனுக்காக அந்த வீட்டு வாசல் லைட் இன்னும் பகலிலும் எரிகிறது.

எங்காவது போய்விடு பிள்ளை என்றேன். அட்டை இல்லாமல் முதல் செக்பொயின்றைத் தாண்ட முடியுமா அங்கிள் என்று கேட்டாள்.

நாய் தேறி வருகிறது. நேற்றுக் கஞ்சித் தண்ணீர் குடித்தது. இது எழும்பாவிட்டால் ஜீப்பும் வராதே, கொஞ்சம் மெல்லமாய்ப் பார் பிள்ளை என்று சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. வாயில்லாத சீவன் உங்களுக்கு என்ன செய்தது, கிண்ணத்தை இஞ்ச தாங்கோ என்று பறித்துக்கொண்டாள். இன்று காலை அது நான்கு காலிலும் நின்றது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

உங்களுக்கு அறிவிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். ஒளித்துத்தான் எழுதுகிறேன். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பிறிஜெற் நாளை லண்டனுக்கு வருகிறாள். அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

சனிக்கிழமை நானும் ஜீப்பில் ஏறுவேன். நாய்க்கு என் கை பழக்கம் என்று சொல்வேன். இடமில்லை என்றால் நாயை மடியில் வைத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை டொக்டர் வீட்டுக்குப் போன் எடுங்கள். இலக்கம் பிறிஜெற்றிடம் இருக்கிறது. அங்கே நேசமலரைக் கூட்டிவந்து காத்திருப்பேன். அவள் குரல் கேட்காவிட்டால் அழுதுகொண்டு நிற்க வேண்டாம். செஞ்சிலுவைக்கு, பத்திரிகைக்கு, அங்குள்ள எம்.பி.க்கு, எல்லோருக்கும் சொல்லுங்கள். முதலில் அவள் பெயரைச் சொல்லுங்கள். நேரமிருந்தால் என்னுடையதையும்.

மாதாவின் காவல் அண்ணன் தங்கை உங்கள் இருவர்மேலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ம. சவுந்தரநாயகம்